கார்டில் சிப் எதற்கு, பின் நம்பர் எதற்கு?

2018-ன் கடைசி மாதங்களில் இந்தியாவில் வங்கிக் கணக்கு வைத்திருந்த பலருக்கும் ஒரே மாதிரிக் குறுஞ்செய்தி வந்தது. டிசம்பர் 31-க்குப் பிறகு பழைய கார்டு வேலை செய்யாது, சிப் வைத்த புதுக் கார்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று. வாங்கினோம். புதுக் கார்டின் இடப்பக்கத்தில் பொன்னிறத்தில் ஒரு சிறு சதுரம் கூடியிருந்தது. மற்றபடி எண், பெயர், பின்புறத்துக் கறுப்புப் பட்டை எல்லாம் பழையபடியே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார்டை ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், "இது சேஃப் சார்" என்பதோடு பதில் முடிந்துவிடும்.

எதிலிருந்து சேஃப்? கார்டை வைத்து நடக்கும் திருட்டு இரண்டு வகை. கார்டு உங்கள் பையிலேயே பத்திரமாக இருக்க, அதற்கு ஒரு நகல் செய்து பணம் எடுப்பது ஒன்று. கார்டையே களவாடிப் பயன்படுத்துவது இன்னொன்று. சிப் வந்தது முதல் வகையைத் தடுக்க. பின் நம்பர் இருப்பது இரண்டாவதைத் தடுக்க. இரண்டையும் சேர்த்தே 'சிப் அண்ட் பின்' என்று விளம்பரப்படுத்தியதால் எல்லாம் ஒரே ஏற்பாடு என்று தோன்றுகிறது. ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய நாடுகள் உண்டு. 2013 முதல் சில ஆண்டுகள் இந்தியாவே அப்படித்தான் இருந்தது.

பட்டையில் எழுதியிருப்பது

பின்புறக் கறுப்புப் பட்டையில் இருப்பவை காந்தத் துகள்கள். 1960-களில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, அடையாள அட்டை ஒன்றுக்காகக் காந்த நாடாத் துண்டைப் பிளாஸ்டிக்கில் ஒட்டப் பார்த்தார். எந்தப் பசையும் சரியாக ஒத்துவரவில்லை. வீட்டில் வந்து புலம்பியபோது, துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிப் பார்க்கச் சொன்னாராம். ஒட்டிக்கொண்டது. ஐ.பி.எம். தன் நிறுவன வரலாற்றில் ஆசையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இது.

பட்டையில் மூன்று தடங்கள் உண்டு. வங்கிக் கார்டுகளுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டே போதும். முதல் தடத்தில் 79 எழுத்துகள் வரை கொள்ளும்; கார்டு எண், உங்கள் பெயர், காலாவதித் தேதி இவையெல்லாம் அங்கே. இரண்டாம் தடத்தில் 40 இடங்கள், எண்களுக்கு மட்டும். கார்டு எண்ணும் தேதியும் மறுபடி அங்கே இருக்கும். கூடவே, இந்தக் கார்டை எங்கே எப்படி ஏற்கலாம் என்று மெஷினுக்குச் சொல்லும் மூன்று இலக்கச் சேவை எண். வங்கி போட்டுவைத்த ஒரு சரிபார்ப்பு எண். பின் நம்பர் பட்டையில் எழுதப்பட்டிருக்காது. அந்தச் சரிபார்ப்பு எண்ணும் கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் சி.வி.வி.யும் வேறு வேறு. பட்டையை நகலெடுத்தவனுக்கு அச்சிட்ட எண் கிடைக்காது; அச்சிட்டதைப் பார்த்து எழுதிக்கொண்டவனுக்குப் பட்டையின் எண் கிடைக்காது. சின்ன ஏற்பாடுதான், யோசித்துச் செய்தது.

ஆனால் அடிப்படைக் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. பட்டை எத்தனை முறை தேய்த்தாலும் அதே எண்களைத்தான் சொல்லும், யார் தேய்த்தாலும் சொல்லும். ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலத்தில் வெற்றுக் கேசட் கொடுத்துப் பாட்டு இறக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். டேப் ரெக்கார்டருக்கு எது கம்பெனி கேசட், எது இறக்கியது என்று தெரியாது. நாடாவில் உள்ளதைப் பாடிவிடும். கார்டு மெஷினும் அப்படித்தான். கேசட்டிலாவது நகலுக்கு நகல் இரைச்சல் ஏறும். பட்டையில் இருப்பவை எண்கள். பத்தாவது நகலும் அசலுக்கு அசலாகவே இருக்கும்.

நகலெடுக்கப் பெரிய வித்தையும் தேவையில்லை. சாப்பிட்ட பில்லுக்காகக் கார்டை வாங்கிக்கொண்டு போகிற கை, கல்லாவுக்குப் போகும் வழியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியில் ஒரு தடவை தேய்த்தால் போதும். ஏ.டி.எம்.மில் என்றால், கார்டு சொருகும் வாயின் மேல் அதே நிறத்தில் இன்னொரு வாயைப் பொருத்துவார்கள். உள்ளே போகும் வழியில் பட்டை படிக்கப்பட்டுவிடும். பின் நம்பருக்குத் தலைக்கு மேலே ஒரு சின்ன கேமரா. கையால் மறைத்துக்கொண்டு எண்களை அழுத்துங்கள் என்று எழுதி ஒட்டியிருப்பது இதற்காகத்தான். திருடிய எண்களைப் பட்டை வைத்த எந்த பிளாஸ்டிக்கிலும் எழுதிக்கொள்ளலாம், ஓட்டல் அறைச் சாவிக் கார்டு உட்பட.

பின் நம்பர் முதலில் வந்தது

ஏ.டி.எம்.முக்குப் பின் நம்பர் எப்போதும் வேண்டியிருந்தது. கடையில் கார்டு தேய்த்தால் வேண்டியதில்லை. சீட்டில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அந்தக் கையெழுத்தைக் கார்டின் பின்னால் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்த கடைக்காரரை நான் அதிகம் கண்டதில்லை. எனவே தெருவில் விழுந்த கார்டை எடுத்தவர் நகைக்கடை வரை போய்வரலாம்.

ரிசர்வ் வங்கி இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைத்தது. 2013 டிசம்பர் 1 முதல் கடைகளில் டெபிட் கார்டு தேய்த்தால் பின் நம்பரும் அழுத்தவேண்டும் என்றானது. கார்டுகள் பெரும்பாலும் இன்னும் பட்டைக் கார்டுகளே. ஆக, இந்தியாவில் பூட்டில் ஒரு பாதி முன்னதாக வந்துவிட்டது. களவு போன கார்டு பயனற்றதானது; நகலெடுத்த கார்டோ, பின் நம்பரும் சேர்ந்து கிடைத்துவிட்டால், முன்போலவே செல்லும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் போக முடியாது. பெட்ரோல் பங்கிலும் கடைகளிலும் "பின் நம்பர் சொல்லுங்க சார்" என்பார்கள். நாமும் நாலு பேர் காதுபடச் சொல்வோம். கீப்பேடு கொண்ட அந்த மெஷினை ஒயரில்லாமல் கையில் எடுத்துவரும்படி செய்ததே வாடிக்கையாளரிடம் நீட்டுவதற்காகத்தான். சொல்லிவிட்ட பின் நம்பர் எதையும் காக்காது.

2015-ல் ரிசர்வ் வங்கி அடுத்த உத்தரவைப் போட்டது. இனிப் புதிதாகத் தரும் கார்டுகளில் சிப்பும் பின் நம்பரும் இருக்கவேண்டும். ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் பட்டைக் கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் மாற்றிக் கொடுத்துவிடவேண்டும். அதற்கான காரணத்தை அடுத்த ஆண்டே எல்லோரும் பார்த்தார்கள். 2016 அக்டோபரில், ஏ.டி.எம். சேவை தரும் நிறுவனம் ஒன்றின் கணினிகளில் புகுந்த தீநிரலால் (மால்வேர்) சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்திருக்கலாம் என்று செய்தி வந்தது. வங்கிகள் லட்சக்கணக்கில் கார்டுகளை முடக்கின. வங்கிகளுக்கு இடையிலான பணப்பரிமாற்ற வலையமைப்பை நடத்தும் என்.பி.சி.ஐ. சொன்ன கணக்கின்படி பணம் பறிகொடுத்தவர்கள் 641 பேர், தொகை சுமார் 1.3 கோடி ரூபாய். கசிவின் அளவுக்கு இழப்பு சிறிதுதான். ஆனால் ஒரே இடத்தில் புகுந்தால் இத்தனை லட்சம் கார்டுகளுக்கும் நகல் செய்ய முடியும் என்பது வங்கிகளுக்கு உறைத்தது.

சிப் என்ன செய்கிறது

பொன்னிறச் சதுரத்தைச் சிப் என்று சொல்கிறோம். அது மின்தொடர்புத் தகடு மட்டும். சிப் அதற்கு அடியில் இருக்கிறது. முழுமையான ஒரு குட்டிக் கணினி: செயலி, நினைவகம், எல்லாம் உண்டு. பேட்டரி கிடையாது. மெஷினில் சொருகியதும் தகடு வழியாக மின்சாரம் ஏறி விழித்துக்கொள்ளும், உருவியதும் தூங்கிவிடும்.

அதன் நினைவகத்தில் ஒரு ரகசிய எண் இருக்கிறது. கார்டு தயாராகும்போதே உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். கார்டுக்குக் கார்டு அது வேறு. உங்கள் வங்கியின் கணினிக்கும் அது தெரியும். கடை மெஷினுக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சிப் அந்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லாது. வெளியே சொல்லாமலே, தனக்கு அது தெரியும் என்று வங்கிக்கு நிரூபிக்க வேண்டும். சிப்பின் வேலை மொத்தமும் இதுதான்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் சிப்பின் ரகசியம் 917 என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். மெஷின் அந்த நேரத்துக்குத் தோன்றிய ஓர் எண்ணைச் சிப்பிடம் தருகிறது, 38 என்று. சிப் தான் இதுவரை செய்த பரிவர்த்தனைகளை எண்ணிக்கொண்டே வருகிறது, இது 12-ஆவது. மூன்றையும் கூட்டினால் 550. ரகசியத்தால் பெருக்கினால் 5,04,350. சிப் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் வெளியே விடுகிறது: 4350. மெஷின் 500, 38, 12, 4350 எல்லாவற்றையும் வங்கிக்கு அனுப்புகிறது. வங்கியிடமும் 917 இருக்கிறது. அதுவும் அதே கணக்கைப் போடுகிறது, 4350 வருகிறது, சரி என்கிறது.

இப்போது யாரோ இந்த உரையாடல் முழுவதையும் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்துகொண்டார் என்போம். மறுநாள் அவர் இன்னொரு கடையில் 500 ரூபாய்க்கு வாங்கப் பார்க்கிறார். அந்த மெஷின் 71 என்கிறது. எண்ணிக்கை 13 ஆகியிருக்கவேண்டும். சரியான விடை 584 பெருக்கல் 917, அதாவது 5,35,528. கடைசி நான்கு இலக்கம் 5528. அவரிடம் இருப்பது 4350. தொகையை மாற்றிப் பார்த்தாலும் ஆகாது, தொகையும் கணக்குக்குள் போய்விட்டது. 500-க்குப் போட்ட விடை 5,000-க்குப் பொருந்தாது. நேற்றைய பதிவு நேற்றோடு செத்துவிட்டது.

நிஜத்தில் பெருக்கல் எல்லாம் இல்லை. நான் போட்ட கணக்கை நாலைந்து விடைகள் கையில் இருந்தால் பள்ளிப் பையன்கூடப் பின்னோக்கிப் போட்டு 917-ஐக் கண்டுபிடித்துவிடுவான். சிப்பில் ஓடும் குறியாக்கக் கணக்கு அப்படிப் பின்னோக்கிப் போகாதபடி அமைந்தது. தொகை, நாணயம், தேதி, மெஷின் தந்த எண், எண்ணிக்கை என்று பலவும் அதற்குள் போகும். சிப்பை உடைத்து ரகசியத்தைத் தோண்டி எடுக்க முடியாதா என்றால், சோதனைக்கூடமும் நிபுணர்களும் நிறையப் பொறுமையும் வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது ஒரே ஒரு கார்டின் ரகசியம்.

பரிவர்த்தனை முடியும்வரை "கார்டை எடுக்காதீர்கள்" என்று மெஷின் காட்டுவதற்கும் காரணம் உண்டு. வங்கி திருப்பி அனுப்பும் பதிலிலும் இதேபோல ஒரு விடை இருக்கலாம். அது உண்மையில் தன் வங்கியிடமிருந்துதான் வந்ததா என்று சிப் தன் பங்குக்குச் சரிபார்க்கும். பட்டை பேசிவிட்டுப் போய்விடும். சிப் பதில் வரும்வரை காத்திருக்கும்.

யார் நஷ்டம் ஏற்பது

சிப் யோசனை புதிதல்ல. ஜெர்மனியில் யூர்கன் டெத்லாஃப், ஹெல்முட் கிரோட்ரப் இருவரும் 1960-களின் இறுதியிலும், பிரான்ஸில் ரோலான் மொரேனோ 1974-லும் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பிரான்ஸ் முந்திக்கொண்டது, 1992-க்குள் அங்கே வங்கிக் கார்டுகள் எல்லாம் சிப் கார்டுகள். ஆனால் பிரெஞ்சுச் சிப் பிரான்ஸுக்குள் மட்டும் செல்லும். யூரோப்பே, மாஸ்டர்கார்டு, விசா என்ற மூன்று கார்டு நிறுவனங்களும் சேர்ந்து 1990-களின் நடுவில் உலகத்துக்குப் பொதுவான ஒரு விதிமுறையை எழுதின. மூன்று பெயர்களின் முதலெழுத்துதான் ஈ.எம்.வி. நம் ரூபே கார்டில் இருப்பதும் இதே வகைச் சிப்தான்.

விதிமுறை எழுதிவிட்டால் கடைக்காரர் புது மெஷின் வாங்கிவிடுவாரா? வாங்கமாட்டார். போலிக் கார்டு கடையில் தேய்க்கப்பட்டால் நஷ்டம் பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கு. கடைக்காரருக்குச் சரக்குக்கான காசு வந்துவிடும். அவர் எதற்கு மெஷினை மாற்ற வேண்டும்? இந்த முடிச்சை அவிழ்த்தது தொழில்நுட்பம் இல்லை, நஷ்டக் கணக்கைத் திருப்பி எழுதியதுதான். இன்ன தேதிக்குப் பிறகு, வங்கி சிப் கார்டு கொடுத்திருந்தும் கடை பட்டையைத் தேய்த்து ஏமாந்தால் நஷ்டம் கடையின் பக்கம் வரும் என்றார்கள். பிரிட்டனில் அந்தத் தேதி 2005 ஜனவரி 1. நார்தாம்டன் ஊரில் 2003-ல் வெள்ளோட்டம் பார்த்து, 2006 பிப்ரவரி 14 முதல் கடைகளில் கையெழுத்துக்குப் பதில் பின் நம்பரையே கேட்டார்கள். அங்கே சிப்பும் பின் நம்பரும் கைகோத்து வந்தன.

அமெரிக்கா மசியவே இல்லை. அங்கே தொலைபேசிச் செலவு குறைவு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வங்கியை நேராகக் கேட்டுக்கொள்ள முடிந்ததால் பட்டையோடு காலம் ஓடியது. 2013-ன் இறுதியில் டார்கெட் என்ற பெரிய கடைத்தொடரின் கணினிகளிலிருந்து சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் திருடு போனபோதுதான் சூடு பிடித்தது. 2015 அக்டோபர் 1-ல் நஷ்டக் கணக்கு அங்கேயும் மாறியது. பெட்ரோல் பம்புகளுக்கு மட்டும் தவணைமேல் தவணை கொடுத்து 2021 ஏப்ரல் வரை இழுத்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அமெரிக்கர்கள் சிப்பை எடுத்துக்கொண்டு பின் நம்பரை விட்டுவிட்டார்கள். கிரெடிட் கார்டைச் சொருகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 2018-ல் அந்தக் கையெழுத்தும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது. நகலுக்கு எதிரான காவல் வந்தது, களவுக்கு எதிரானது வரவில்லை. நமக்கு நேர் எதிர் வரிசை.

பின்வாசல்கள்

சிப் வந்தபின் திருடர்கள் சிப்பை உடைக்கப் பார்ப்பதைவிட, அதைச் சுற்றிக்கொண்டு போகத்தான் பார்த்தார்கள். எளிய வழி, கார்டின் பின்னால் இன்னும் இருந்த பட்டை. 2006-ல் பிரிட்டனில் ஷெல் பெட்ரோல் நிலையங்களின் மெஷின்களைத் திருத்தி, கார்டு விவரத்தையும் பின் நம்பரையும் பிடித்து, பட்டைக் கார்டுகள் செய்து பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சுருட்டினார்கள். ஷெல் சுமார் 600 நிலையங்களில் சிப் அண்ட் பின்னைத் தற்காலிகமாக நிறுத்தியே வைத்தது. இன்று சிப்புக்குள் இருக்கும் சரிபார்ப்பு எண்ணும் பட்டையில் இருப்பதும் வேறு வேறாக வைக்கப்படுகின்றன. சிப்பிடம் ஒட்டுக்கேட்டதைக் கொண்டு பட்டை செய்தால் வங்கி கண்டுபிடித்துவிடும். பட்டையின் சேவை எண் 2 அல்லது 6-ல் தொடங்கினால் இது சிப் உள்ள கார்டு என்று பொருள். அதனால்தான் சிப் கார்டைத் தேய்த்தால் மெஷின் சொருகச் சொல்லி அடம்பிடிக்கிறது.

2010-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் உள்ளிட்ட நால்வர் இன்னும் நுட்பமான ஓர் ஓட்டையைக் காட்டினார்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் பின் நம்பர் சரியா என்று சிப்பே பார்த்துச் சொல்லும். களவாடிய கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் ஒரு சின்ன மின்சுற்றை வைத்து, எந்த நான்கு எண்ணை அழுத்தினாலும் மெஷினிடம் "பின் சரி" என்று பதில் சொல்ல வைத்தார்கள். சிப்போ கையெழுத்துப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். பிரான்ஸில் ஒரு கும்பல் பின்னர் இதையே நடைமுறையில் செய்து மாட்டியது. கவனித்தால், அங்கே சிப்பின் ரகசியம் கடைசிவரை பத்திரமாகவே இருந்தது. தோற்றது பின் நம்பரைச் சரிபார்த்த முறை.

நம் பக்கத்துக் கதை புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி. 2018 ஆகஸ்ட் 11 அன்று சில மணி நேரத்துக்குள் 28 நாடுகளின் ஏ.டி.எம்.களில் நகல் கார்டுகளைப் போட்டுச் சுமார் 78 கோடி ரூபாயை எடுத்தார்கள். உள்நாட்டு ஏ.டி.எம்.களில் எடுத்ததையும், இரண்டு நாள் கழித்து ஹாங்காங்குக்குக் கடத்தியதையும் சேர்த்தால் சுமார் 94 கோடி. ஏ.டி.எம்.கள் கேட்ட "பணம் தரலாமா" என்ற கேள்வி வங்கிக்குப் போகவே இல்லை; நடுவே திருடர்கள் வைத்த போலி அமைப்பு "தரலாம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. விடையைச் சரிபார்க்க வேண்டிய இருக்கையில் திருடனே உட்கார்ந்துவிட்டால் கார்டில் எது இருந்து என்ன?

இணையத்தில் வாங்கும்போது சிப்புக்கு வேலையே இல்லை. எண், தேதி, சி.வி.வி. மூன்றையும் தட்டினால் முடிந்தது. பிரிட்டனில் சிப் வந்து கடை மோசடி சுருங்கியபோது திருட்டு இணையப் பக்கம் நகர்ந்தது. இந்தியா இதில் முந்திக்கொண்டது: 2009 ஆகஸ்டிலிருந்தே இணையப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். அதனால்தான் நம் ஊரில் திருடன் "பேங்க் மேனேஜர் பேசறேன்" என்று போன் போட்டு ஓ.டி.பி. கேட்க வேண்டியிருக்கிறது.

தட்டினால் போதும் என்கிற கார்டு வந்ததும் சிலருக்கு அச்சம் வந்தது: பஸ் நெரிசலில் யாராவது பையை உரசி நகலெடுத்துவிட்டால்? உள்ளே இருப்பது அதே சிப்தான். கம்பிச் சுருள் வழியாகப் பேசுகிறது, ஒவ்வொரு தடவையும் புது விடையைத்தான் தருகிறது. உரசிப் பிடித்ததை வைத்து நகல் செய்ய முடியாது. ஆனால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது (2021-க்கு முன் 2,000). அந்தத் தொகைக்குக் களவுக்கு எதிரான காவலை வசதிக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தொலைந்த கார்டை எடுத்தவர் தட்டிப் பார்க்கலாம். எனக்கு அது உறுத்துவதால் தட்டும் வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன்.

பட்டை எப்போது போகும்? மாஸ்டர்கார்டு 2021-ல் ஓர் அட்டவணை போட்டது. 2024 முதல் பல நாடுகளில் பட்டை கட்டாயமில்லை, 2029-லிருந்து புதுக் கார்டுகளில் இருக்காது, 2033-ல் அறவே இல்லை. அதுவரை பட்டையின் நகல் செல்லுபடியாகக்கூடிய இடங்கள் பெரும்பாலும் வெளிநாடுகளில் இருக்கும். 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாடு, இணையம், தட்டுதல் மூன்றும் அணைந்த நிலையிலேயே வரும். வேண்டியபோது வங்கிச் செயலியில் திறந்துகொள்ளலாம். சிங்கப்பூர் போய்வர ஒருமுறை திறந்துவிட்டு மறந்திருந்தால், போய் அணைத்துவிடுங்கள். அதையும் மீறி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த மோசடியில் பணம் போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்யவேண்டும். செய்தால் உங்களுக்குப் பொறுப்பு பூஜ்யம் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. நான்காம் நாளிலிருந்து கணக்கு வேறு.